தண்டையலின் வாங்கு

இந்த நாட்டில் காத்திருக்கத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் தண்டையல்தான். மற்ற எல்லாரும் சும்மா நேரத்தை வீணாக்குகிறவர்கள். நீங்கள் பாணுக்கு வரிசையில் நின்றிருக்கலாம். பாஸ்போட்டுக்குக் கால்கடுக்கக் காத்திருந்திருக்கலாம். பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டாரின் பதிலுக்காகப் படலையைப் பார்த்தபடி மாதக்கணக்கில் இருந்திருக்கலாம். அதெல்லாம் கணக்கில் சேராது. தண்டையலோடு ஒரே வாங்கில், அதாவது ஒரே பெஞ்சில், இருந்து எழும்பியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், காத்திருப்பதும் ஒரு தொழில். அந்தத் தொழிலில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

துறைமுகத்து லாஞ்சை, அதாவது இயந்திரப் படகை, நடத்துகிறவரைத் தண்டையல் என்று சொல்வோம். திருகோணமலைக் கடற்படைத் தளத்துத் தொழிலாளர்களைக் காலையில் அக்கரைக்குக் கொண்டுபோய் மாலையில் திருப்பிக் கொண்டுவருவது அவர் வேலை. அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு இருந்தது. பிறகு ஒரு நாள் கந்தோரில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், அந்தப் பெயரை உரத்து வாசித்தபோது, அது யாரோ என்பதுபோல் அவரே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வெள்ளைக்காரக் கடற்படை கொடியை இறக்கிச் சுருட்டிக்கொண்டு புறப்பட்ட காலம் அது. துறைமுகத்தை எங்கள் அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெரிய மனதுதான். கடல் அப்படியே இருந்தது, கட்டடங்கள் அப்படியே இருந்தன, வேலை மட்டும் அவர்களோடு கப்பல் ஏறிவிட்டது. காலையில் ஊரை எழுப்பும் சங்கு நின்றுபோனது. நான் அங்கே களஞ்சியத்தில் கிளாக்கராக இருந்தவன், புதிதாகக் கல்யாணம் செய்தவன். சங்கு நின்ற பிறகும் பழைய நேரத்துக்கே எழும்பி, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு கதவடியில் வந்து நின்றேன்.

“எங்க போறியள்?” என்று மனைவி கேட்டாள்.

அன்று ஊரில் பல வீட்டுக் கதவுகளில் இதே கேள்வி கேட்கப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

வேலை போனவர்களுக்கு உதவிப்பணம் கொடுக்கப்போவதாக அறிவித்தார்கள். அதற்கென்று துறைமுகத்தைப் பார்த்த ஒரு மேட்டில், பழைய பங்களா ஒன்றில், தற்காலிகக் கந்தோர் திறந்தார்கள். உள்ளே ஒரு யன்னல், யன்னலுக்குப் பின்னால் ஒரு கிளாக்கர். வெளி விறாந்தையில் நீளமான மர வாங்கு. வாங்கில் முன்னுக்கு இருப்பவரை முதலில் கூப்பிடுவார்கள். பெட்டியில் காசு இருந்தால் விசாரித்துக் கையோடு கொடுப்பார்கள். மூன்று தரம் கூப்பிட்டும் ஆள் இல்லையென்றால் வாங்கின் கடைசிக்குப் போக வேண்டும். எளிமையான ஏற்பாடு. ஒரே ஒரு குறைதான், பெட்டியில் அநேகமாகக் காசு இருக்காது.

கிளாக்கர் யாழ்ப்பாணத்து மனிதர். குரல் உயர்த்தமாட்டார், கோபப்படமாட்டார், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி எல்லாரையும் ஒரே மரியாதையோடு பார்த்து, “நாளைக்கு” என்பார். ஒரு வாரத்திலேயே அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. “‘நாளைக்கு’ வந்திட்டாரோ?” “‘நாளைக்கு’ சாப்பிடப் போட்டார்” என்று பேசிக்கொள்வோம். புதிதாக வந்தவர்கள் குழம்பிப்போவார்கள்.

முதல் வாரம் நாங்கள் காத்திருந்த லட்சணத்தை இப்போது நினைத்தாலும் வெட்கம். முன்னுக்கு இருக்க அடிபட்டோம். ஒருவர் எழும்பி வெற்றிலை துப்பிவிட்டு வருவதற்குள் இன்னொருவர் அவர் இடத்தில் இருந்தார். காலை முழுவதும் அரசாங்கத்தைத் திட்டினோம். மத்தியானம் வெள்ளைக்காரனைத் திட்டினோம். பின்நேரம் திட்ட ஆள் இல்லாமல் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டோம். வீட்டுக்குப் போகும்போது மலை உடைத்தவர்கள் மாதிரிக் களைத்துப்போவோம். செய்ததோ ஒன்றும் இல்லை.

இரண்டாம் வாரம் தண்டையல் வந்தார். காக்கிக் காற்சட்டை மடிப்புக் குலையாமல் இருந்தது. கழுத்தில் பித்தளை விசில் தொங்கியது. தலையில் தொப்பி, அதன் சின்னத்தை மட்டும் தளத்தில் கழற்றி வாங்கிவிட்டார்கள். வாங்கைச் சுற்றி ஒருமுறை நடந்தார். எல்லாரையும் எழும்பச் சொன்னார். எழும்பினோம், அந்தக் குரலுக்கு எழும்பித்தான் பழக்கம். கிணற்றடிக்குப் போய் வாளியில் தண்ணீரும் ஒரு தேங்காய்ப் பொச்சுமட்டையும் கொண்டுவந்தார். அரசாங்கத்து வாங்கை மண் போட்டு உரஞ்சி உரஞ்சிக் கழுவத் தொடங்கினார்.

கிளாக்கர் யன்னலால் எட்டிப் பார்த்தார். “என்ன ஐயா செய்யிறியள்?”

“டெக் கழுவுறன்.”

“இது டெக் இல்லை. கந்தோர் வாங்கு.”

“நாங்கள் கனநாள் இதில போக வேண்டிக் கிடக்கு ஐயா. துப்பரவா இருந்தா நல்லதுதானே.”

அன்றிலிருந்து அந்த வாங்கு லாஞ்ச் ஆகிவிட்டது. ஒவ்வொரு விசிலுக்கும் எல்லாரும் எழும்பி நின்று திரும்ப இருக்க வேண்டும், அப்போதுதான் கால் மரத்துப்போகாது என்பது அவர் கட்டளை. அரிசி விலை பற்றிய கதை மத்தியானத்துக்கு முன் கூடாது. திட்டுவதற்கும் ஒரு நேரம் வைத்தார். தேத்தண்ணி குடித்த பிறகு, ஒரு பீடி பத்தி முடியும் வரைக்கும் ஒருவர் யாரையும் எப்படியும் திட்டலாம். மற்றவர்கள் குறுக்கே பேசக்கூடாது. பீடி முடிந்தால் திட்டும் முடிய வேண்டும். என் முறை வந்தபோது பீடி முழுவதையும் பாவித்தேன். கடைசி இழுப்பில்தான் கவனித்தேன், நான் திட்டியதில் பாதி கிளாக்கரைப் பற்றியதே இல்லை. வீட்டில் சும்மா இருக்கிற என்னைப் பற்றியது. தண்டையல் பீடித் துண்டைக் காலால் அணைத்துவிட்டு அடுத்தவருக்கு நெருப்புப் பெட்டியைக் கொடுத்தார்.

பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. நாள் முழுக்க வாங்கில் இருந்தால் வீட்டில் உலை வைக்க வழி இல்லை. இறங்குதுறையில் மூட்டை தூக்கக் கூலி கிடைக்கும். கூலிக்குப் போனால் பெயர் கூப்பிடும்போது ஆள் இருக்காது. இதற்கும் தண்டையல் லாஞ்சிலிருந்தே வழி கொண்டுவந்தார். தளத்துக்குப் போகிற காலத்தில், இடம் பிடித்த தொழிலாளி தன் சாப்பாட்டுப் பெட்டியை வைத்துவிட்டு இறங்கி வெற்றிலை வாங்கப் போவான். அந்தப் பெட்டி இருக்கிற இடத்தில் இன்னொருவன் இருக்கமாட்டான். பெட்டிக்காரன் வரும்வரை தண்டையல் லாஞ்சை எடுக்கவும்மாட்டார். அது எழுதாத சட்டம்.

அதன்படி எங்கள் வாங்கில் ஆட்களுக்குப் பதிலாகச் சாமான்கள் இருக்கத் தொடங்கின. ஒரு குடை, ஒரு சோடி செருப்பு, வெற்றிலைப் பெட்டி, என்னுடைய தகரச் சாப்பாட்டுப் பெட்டி. வாங்கின் கடைசியில் தண்டையல் மட்டும் ஆளாகவே இருப்பார். கிளாக்கருக்கு இது பிடிக்கவில்லை.

“குடைக்கு நான் காசு குடுக்க ஏலாது ஐயா. குடை கையெழுத்துப் போடாது.”

“குடை நிண்டா ஆள் நிக்கிறான் எண்டுதான் அர்த்தம். ஆள் கொஞ்சம் சுணங்கி வருவான். அவ்வளவுதான்.”

“என்ர சட்டத்தில குடை இல்லை.”

“நீங்கள் மெள்ளமாக் கூப்பிடுங்கோ. நான் ஆளைக் கொண்டுவாறன்.”

அவர் ஆளைக் கொண்டுவந்த விதம்தான் துறைமுகம் முழுவதையும் சிரிக்க வைத்தது. பங்களா வாசலில் பழைய கொடிக்கம்பம் ஒன்று சும்மா நின்றது. தண்டையல் அதில் வெள்ளைத் துவாய், அதாவது துண்டு, ஏற்றினால் கிளாக்கர் வந்திருக்கிறார், காசு இல்லை, நீங்கள் உங்கள் பாட்டைப் பாருங்கள் என்று பொருள். சிவப்புத் துணி ஏறினால் காசு வந்துவிட்டது, ஓடிவாருங்கள். இறங்குதுறையில் மூட்டை தூக்குகிறவனுக்கும் தெரியும், தேத்தண்ணிக் கடையில் இருப்பவனுக்கும் தெரியும், குடாவுக்கு அக்கரையில் மூதூரிலிருந்து வருகிற லாஞ்சில் இருப்பவர்களுக்கும் தெரியும். வெள்ளைத் துவாய் வெகுநாள் பறந்தது. ஒருநாள் அது கீழே காய்ந்தபோது கோட்டைப் பக்கத்து மான் ஒன்று வந்து ஓரத்தைத் தின்றுவிட்டுப் போனது. கிழிந்த துவாயைக் கம்பத்தில் கண்டு, அன்று காசு பாதிதான் வந்திருக்கிறது என்று சிலர் நினைத்தார்களாம்.

எனக்கு ஒன்று விளங்க நாளானது. வாங்கு நகர்ந்துகொண்டே இருந்தது. சிவப்பு ஏறுகிற அரிதான நாட்களில் சிலர் காசை வாங்கிக்கொண்டு போனார்கள். தண்டையல் மட்டும் எப்போதும் கம்பத்தடி ஓரத்தில், கடைசி இடத்திலேயே இருந்தார். புதிதாக ஒருவர் வந்தால் இவர் எழும்பி இடம் கொடுத்து இன்னும் தள்ளி இருப்பார்.

“அண்ணை, நீங்கள் வந்தது எங்களுக்குப் பின்னாலதான். ஆனா பிறகு வந்த ஆக்களெல்லாம் வாங்கிக்கொண்டு போட்டினம். நீங்கள் ஏன் போகேல்லை?” என்று கேட்டேன்.

“தண்டையல் கடைசியாத்தானே தம்பி இறங்குறது.”

“இது லாஞ்ச் இல்லை அண்ணை.”

“ஆக்கள் இருக்கினம்தானே,” என்றார்.

அவருக்கும் காசு தேவைப்படாமல் இல்லை. கடற்கரையில் ஒரு முதலாளியின் பழைய வள்ளம் வெயிலில் கிடந்து வெடித்துக்கொண்டிருந்தது. அதை வாங்கிச் சீர்செய்து குடாவுக்குக் குறுக்கே ஆள் ஏற்றி ஓட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். உதவிப்பணம் வந்தவுடன் தருகிறேன் என்று சொல்லி வைத்திருந்தார். முதலாளியும் பொறுமைசாலிதான். ஆனால் பாண் பேக்கரிக்காரர் ஒருவர் அந்த வள்ளத்தைப் போறணைக்கு விறகாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தண்டையல் பின்நேரங்களில் அந்த வள்ளத்தடியில் போய் நின்று, பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவார். கடலை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. அந்த வள்ளம் விறகாகிவிட்டால் அவர் பாடும் அதோடு சரி.

இதை எனக்குச் சொன்னது பூரணம் அக்கா, தண்டையலின் மனைவி. அவர் சல்லி என்ற மீன்பிடிக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர், கருவாடு விற்றுக் குடும்பத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் காலை கந்தோருக்கு ஏறிவந்தார். வந்த வேலை வேறு. பொங்கலுக்கு எடுத்த சிவப்புச் சேலையைப் பல நாளாகக் காணவில்லையாம். தண்டையல் அப்போது கம்பத்தில் ஒன்றும் ஏற்றாமல் மூதூர் லாஞ்சைப் பார்க்க இறங்குதுறைக்குப் போயிருந்தார். கம்பத்தடியில் அவர் கொடிகளை வைக்கும் தகரப் பெட்டியை அக்கா திறந்தார். உள்ளே வெள்ளைத் துவாயும், அதன் கீழே சுருட்டிய சேலையும்.

“இது என்ர சேலை,” என்றார் என்னைப் பார்த்து.

நான் வாங்கின் மறுமுனையைப் பார்த்தேன்.

“நாலு பேருக்கு முன்னால உடுத்துக்கொண்டு போக ஒண்டே ஒண்டு வைச்சிருந்தனான். கயித்துக் கறையும் புகையும். மனிசன் வீட்டில இருந்ததை விட இந்த வாங்கில கூட இருந்திட்டார். இப்ப என்ர சேலையும் இஞ்ச வந்து இருக்குது.”

திட்டிக்கொண்டே கிணற்றடிக்குப் போய் அதைத் துவைத்தார். வெயில் நல்லாக விழுகிற இடம் பார்த்து, துறைமுகத்துப் பக்கத்து விறாந்தைச் சுவரில் முழு நீளத்துக்கும் விரித்துக் காயப்போட்டார். நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அந்த நேரம் எங்கள் கண் எல்லாம் வாசலில் நின்ற காரில் இருந்தது. கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி வந்து உள்ளே இருந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

முதலில் கீழே விசில் கேட்டது. பிறகு மேட்டுப் பாதையில் தூசி எழும்பியது. முன்னுக்கு ஓடிவந்தவர் தண்டையலேதான். அந்தச் சமிக்ஞையைக் கண்டுபிடித்த மனிதர், தன் மனைவியின் சேலையைத் தூரத்தில் கண்டவுடன் ஒரு கணமும் யோசிக்காமல், “காசு வந்திட்டுது, காசு வந்திட்டுது” என்று விசிலுக்கும் சொல்லுக்கும் இடையில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் மூட்டைக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் தேத்தண்ணிக் கடை முழுவதும், கையில் கோப்பையோடு. மூதூரிலிருந்து வந்து திரும்பப் போக ஏறியிருந்தவர்கள் லாஞ்சிலிருந்து குதித்து வந்தார்கள். வேலையே இழக்காத சிலரும் எதற்கும் இருக்கட்டும் என்று கூடவே வந்தார்கள்.

உள்ளே நடந்ததை யன்னலால் பார்த்தேன். பெரிய அதிகாரி இளநீரைக் கீழே வைத்தார்.

“அநேகமாக எல்லாருக்கும் குடுத்து முடிஞ்சுது எண்டு சொன்னீரல்லோ?”

“ஓம் சேர்.”

“அப்ப இவை ஆர்?”

கிளாக்கர் கண்ணாடியை இறக்கி, முற்றம் நிறைந்து நின்ற கூட்டத்தைப் பொறுமையாகப் பார்த்தார். “இவை மிச்சம் சேர்,” என்றார்.

வெளியே தண்டையல் கம்பத்தைப் பார்த்தார். கம்பம் வெறுமையாக இருந்தது. சுவரைப் பார்த்தார். சேலையைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார்.

“காயட்டும் எண்டு போட்டனான். அதுக்கேன் ஊரைக் கூட்டிக்கொண்டு வாறியள்?” என்றார் அக்கா.

அந்தத் தவறுதான் எங்களைக் காப்பாற்றியது. கலகம் என்று நினைத்தாரோ என்னவோ, அதிகாரி அங்கேயே உத்தரவு போட்டார். மாதம் முடியும்வரை நாளாந்தம் காசு வரும். மாத முடிவில் கந்தோரை மூட வேண்டும். அதற்குள் தீராதவை கொழும்புக்குப் போகும். கொழும்புக்குப் போன கடதாசி திரும்பி வந்ததாக எங்களில் யாரும் கேள்விப்பட்டதில்லை. முதலாளியும் வள்ளத்துக்கு அதே மாத முடிவையே தவணையாகச் சொன்னார்.

காசு வந்தது. வாங்கு குறைந்தது. என் முறை வந்த அன்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, என் தகரப் பெட்டியை எடுக்க வந்தேன். தண்டையல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், கரை இறங்குகிற பயணிக்குச் சொல்வதுபோல், “கவனமாப் போங்கோ தம்பி” என்றார். வீட்டுக்குப் போனேன். மனைவி சந்தோசப்பட்டாள். அடுத்த நாள் காலை பழைய நேரத்துக்கு எழும்பி, சட்டை போட்டுக்கொண்டு, மறுபடி அந்த மேட்டுக்கே போய் வாங்கில் இருந்தேன். என்னைப் போல இன்னும் சிலர் வந்திருந்தார்கள். வேலையை இழந்தபோது எங்களுக்கு இருந்த மரியாதையும் போய்விட்டது என்று நினைத்திருந்தோம். அந்த வாங்கில் அவர் அதை எப்படியோ மிச்சம் பிடித்து வைத்திருந்தார். அதை விட்டுப் போக மனம் வரவில்லை.

கடைசி நாள் வந்தது. மிச்சம் இருந்தவர்கள் மூதூர்ப் பக்கத்தார் கொஞ்சப் பேரும் தண்டையலும். மூதூர்ப் பக்கத்தாருக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் காசிம் காக்கா, தளத்தில் கொதிகலனுக்கு நெருப்புப் போட்ட மனிதர். முஸ்லிம் பெரியவர்களைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் அங்கே கூப்பிடுவோம். அவர்களுடைய லாஞ்ச் எப்போதும் பிந்தித்தான் வரும், அதனால் கூப்பிடும்போதெல்லாம் தவறிப்போய்ப் பின்னுக்கு வந்தவர்கள். கந்தோர் நாலு மணிக்கு மூடும், அதற்குப் பிறகு இல்லை. பூரணம் அக்காவும் வந்திருந்தார், சிவப்புச் சேலையை உடுத்துக்கொண்டு. இனி அதைக் கம்பத்தில் ஏற்ற யாரையும் விடமாட்டேன் என்ற பிடிவாதத்தில் உடுத்தது.

தண்டையல் விறாந்தையில் நின்று வெளிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“லாஞ்ச் வரேல்லை. நிக்குது,” என்றார்.

எங்களுக்கு ஒரு புள்ளிதான் தெரிந்தது. என்ஜின் நின்று நடுவில் நங்கூரம் போட்டிருக்கிறது என்று அவர் சொன்னார். தொப்பியைக் கழற்றி வாங்கின் கடைசியில் வைத்தார்.

“நான் போய் ஆக்களை ஏத்திக்கொண்டு வாறன்.”

“எதில போகப் போறியள்?” என்றார் அக்கா.

“வள்ளம் கிடக்குத்தானே.”

“அது இன்னும் உங்கட வள்ளம் இல்லை. அதில ஓட்டை.”

“அடைச்சிட்டன். போன கிழமையே அடைச்சிட்டன்,” என்று சொல்லிக்கொண்டு இறங்கிவிட்டார்.

மத்தியானம் போனது. வெயில் சாய்ந்தது. கிளாக்கர் மூதூர்க்காரரின் பெயர்களைக் கூப்பிட்டார், தண்டையலின் பெயரைக் கூப்பிட்டார். வாங்கில் தொப்பிதான் இருந்தது. நான் எழும்பிப் போய்த் தொப்பியைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, கூப்பிடுவதை நிறுத்தித் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.

மூன்றரை மணிபோல வள்ளம் துறைமுக வாயிலில் தெரிந்தது. ஆட்கள் நிறைந்து, விளிம்பு தண்ணீரைத் தொட்டுக்கொண்டு, ஊர்ந்து வந்தது. நேரம் போகிறது என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது? தகரப் பெட்டியில் வெள்ளைத் துவாய் மட்டும் இருந்தது. அதை ஏற்றினால் திரும்பிப் போய்விடுவார்கள்.

பூரணம் அக்கா என்னைத் தள்ளிவிட்டு விறாந்தைச் சுவரில் ஏறி நின்றார். முந்தானையை அவிழ்த்துக் காற்றில் விட்டார். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், அவ்வளவு உயரத்தில், அக்கா நின்ற நிலையைத் துறைமுகம் முழுவதும் பார்த்தது. வள்ளத்தில் துடுப்புகள் வேகமாக விழத் தொடங்கின. குலுங்கிக் குலுங்கி வந்து இறங்குதுறையில் முட்டியது.

மூதூர்க்காரர்கள் ஏறி ஓடிவந்தார்கள். காசிம் காக்கா மூச்சு இரைக்க விறாந்தையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, நடுக்கடல்ல நின்டு மவுத்தாப் போற மாதிரி இருந்த. அந்த மனிசன் வந்த, ஏத்தின, தண்ணிய அள்ளி ஊத்து எண்டு எங்களையும் வேல வாங்கின.”

“அவர் எங்க காக்கா?”

எல்லாரும் கீழே பார்த்தோம். தண்டையல் வள்ளத்திலேயே இருந்தார். கயிற்றைக் கட்டினார். கட்டியதை இழுத்துப் பார்த்தார். மிச்சக் கயிற்றை வட்டம் வட்டமாகச் சுற்றத் தொடங்கினார்.

“கயித்தை விட்டிட்டு வாங்கோ,” என்று அக்கா சுவரில் நின்று கத்தினார்.

அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். பொறு என்று. கடைசி ஆள் கரையில் ஏறிவிட்டானா என்று எண்ணிப் பார்த்தார். துடுப்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். என் வாழ்க்கையில் ஒரு மனிதரைக் கழுத்தைப் பிடித்து இழுத்துவர ஆசைப்பட்டது அன்று ஒருநாள்தான். பிறகுதான் இறங்கினார்.

கிளாக்கரும் வெளியே வந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே போனார். மூதூர்க்காரரை ஒருவர்பின் ஒருவராக அனுப்பினார். நாலு மணி அடித்து ஓய்ந்தது. தண்டையல் ஈரம் சொட்ட வந்து, யன்னலடிக்குப் போகாமல், தொப்பியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அது இருந்த இடத்தில் இருந்தார். கூப்பிடாமல் எழும்பிப் போவது அவர் சட்டத்தில் இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, நேரம் போட்டுது. இவரையும் நாளைக்கு வரச் சொல்லவோ?” என்று குத்தலாகவே கேட்டேன்.

“நாளைக்கெண்டு ஒண்டு இல்லைத் தம்பி,” என்றார் கிளாக்கர். “தொப்பி காலையிலேயே வந்திட்டுது. ஆள்தான் கொஞ்சம் சுணங்கிட்டுது.”

தண்டையலின் சொந்தப் பெயரை உரத்து வாசித்தார். தண்டையல் வள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தரமும் வாசித்தார். தண்டையல், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் என்னைப் பார்த்தார். மூன்றாம் தரம் கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றினார்.

“தண்டையல்,” என்றார்.

“ஓம் ஐயா,” என்று எழும்பிப் போனார்.

அந்த வள்ளம் போறணைக்குப் போகவில்லை. வெகுகாலம் குடாவுக்குக் குறுக்கே ஆள் ஏற்றி ஓடியது. எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது, பிறகு எழுத்து வேலைக்கு வந்தேன். அவர் போய்ச் சேர்ந்த செய்தி எனக்கு மிகவும் பிந்தித்தான் கிடைத்தது. கேள்விப்பட்ட அன்று முழுவதும் எனக்கு எழுத ஓடவில்லை. நான் அவரை அவ்வளவு நேசித்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

இப்போதும் வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ காத்திருக்க வேண்டி வந்தால், என் பையைப் பக்கத்தில் வைத்து ஓர் ஆள் இருக்கிற இடம் விட்டுத்தான் இருக்கிறேன். யாராவது வந்து, இதில் ஆள் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

“ஓம், இருக்கு,” என்று சொல்வேன். “கொஞ்சம் சுணங்கி வருவார்.”